டச்சுக்காரன் கோலும் மீன் எண்ணெயும்

பழவேற்காட்டிலிருந்து பசியாவரத்துக்குப் போகிற படகில், ஏறக்குறைய என் உயரத்துக்கு இருந்த ஒரு பொருளை இரண்டு முழங்கால்களுக்கு நடுவில் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதற்கு மூன்று தலையணை உறைகளைச் சேர்த்துத் தைத்த ஒரு நீள உறை போட்டிருந்தது. தைத்தவள் என் மனைவி மல்லிகா. தைத்துக் கொடுத்த சில நாட்களில் அவள் கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள். அவளைச் சமாதானப்படுத்தி அழைத்து வரத்தான் போய்க்கொண்டிருந்தேன். உறைக்குள் இருந்தது அவள் போனதற்குக் காரணமான பில்லியர்ட்ஸ் கோல்.

சண்டைக்குக் காரணமான பொருளையே சமாதானத்துக்கும் கையோடு எடுத்துப் போகிறவனுக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று வாசகர்களே முடிவு செய்துகொள்ளுங்கள். என் பக்கத்திலும் ஒரு நியாயம் இருந்தது. மீஞ்சூரில் நாங்கள் குடியிருந்தது சிமென்ட் ஷீட் போட்ட ஒற்றை அறை. கோடையில் கதவைப் பூட்டினால் உள்ளே அப்பளம் பொரிக்கலாம். அந்தச் சூட்டில் நல்ல மரம் வளைந்துவிடும்.

மூன்று வாரமாக மல்லிகா இல்லாமல் கிடக்கிறோமே என்றும் இருந்தது. பொய் சொல்வானேன், அது இரண்டாவதாகத்தான் தோன்றியது.

எதிரே அலுமினியக் கூடையோடு உட்கார்ந்திருந்த மீன்கார அம்மாளுக்குப் பொறுக்கவில்லை.

"இன்னாய்யா அது, இவ்ளோ நீட்டமா? துப்பாக்கியா?"

"இல்லம்மா. ஆடுற கோல்."

"இன்னா ஆட்டம்?"

"பெரிய மேசை மேல பந்து வெச்சிருப்பாங்க. இதால இடிக்கணும்."

"இடிச்சா?"

"பந்து குழில வுழும்."

"வுழுந்தா?"

"எடுத்து மறுபடி மேல வைக்கணும்."

அம்மாள் கூடையைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள். "வேற வேல வெட்டி கெடையாதா உனக்கு?" என்று கேட்டுவிட்டுத் தண்ணீர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அது ஏரியில் தண்ணீர் வற்றுகிற காலம். பாதி வழியில் படகு சேற்றில் தட்டி நின்றுவிட்டது. படகுக்காரரிடம் ஒரு மூங்கில்கழிதான் இருந்தது. என்னைப் பார்த்துக் கையை நீட்டினார்.

"சார், அந்தக் கோலக் கொஞ்சம் குடு. ரெண்டு பக்கமும் ஊனித் தள்ளுனா ஏறிக்கும்."

"இது அதுக்கு இல்லைங்க."

"கோலுன்னா ஊனத்தானே சார்? வேற இன்னாத்துக்கு?"

கொடுக்கவில்லை. எல்லாரும் இறங்கித் தள்ள வேண்டியதாயிற்று. நானும் இறங்கினேன். முழங்கால் வரை சேறு, கோல் மட்டும் இரண்டு கையாலும் தலைக்கு மேலே. பன்னிரண்டு பேர் தள்ளினார்கள். தள்ளாத ஒரே ஆள் நான். "பொணத்தக் கூட இவ்ளோ பத்தரமாத் தூக்கமாட்டாங்கப்பா" என்றாள் அந்த அம்மாள். படகே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பெண் பார்க்கப் போன இடத்தில்

நான் ஆரம்பாக்கத்துக்காரன். அப்பா வலையை விட்டுவிட்டுத் தொழிற்சாலை வேலைக்குப் போனார். நானும் அவர் வழியே போனேன். ஏரி ஓரத்தில் பிறந்தும் காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்று சொல்லத் தெரியாதவன் என்று எங்கள் உறவில் எனக்கு நல்ல பெயர். தொழிற்சாலையில் தொழிலாளர் பொழுதுபோக்கு மன்றம் ஒன்று இருந்தது. அங்கே, முன்பு இருந்த யாரோ ஒரு பெரிய அதிகாரி விட்டுப்போன பில்லியர்ட்ஸ் மேசை. ஆடத் தெரிந்தவர்கள் நாலு பேர். அந்த நாலு பேரில் நான்தான் முதல். இதைச் சொல்லும்போது இப்போதும் முதுகு கொஞ்சம் நிமிர்கிறது.

மன்றத்துக் கோல்கள் எல்லாம் வாழைப்பழம் மாதிரி வளைந்தவை. நல்ல கோல் ஒன்று கையில் கிடைத்தால் நான் எங்கேயோ போய்விடுவேன் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

அப்படியிருக்கும்போதுதான் பசியாவரத்துக்குப் பெண் பார்க்கப் போனோம். கூடத்தில் பாய் விரித்து உட்கார வைத்தார்கள். அண்ணாந்து பார்த்தேன். கூரை வாரையிலிருந்து இரண்டு கயிறு தொங்கியது. கயிறுகளுக்கு நடுவில் ஒரு கோல், அதன் மேல் ஒரு லுங்கி, ஒரு துண்டு, கிழிந்த வலை ஒன்று. ஒரு முனை பருத்துக் கறுத்திருந்தது. மறுமுனை போகப் போக மெலிந்தது. கறுப்பு மரமும் வெளுத்த மரமும் சேருகிற இடத்தில் ஈட்டி நுனி மாதிரி நாலு கூர். பில்லியர்ட்ஸ் கோலேதான்!

மல்லிகா கலர் சோடாவைக் கொண்டுவந்து வைத்தாளாம். நான் பார்க்கவில்லை.

"பொண்ணு புடிச்சிருக்கா?" என்று அம்மா காதைக் கடித்தாள்.

"ரொம்பப் புடிச்சிருக்கும்மா" என்றேன், கூரையைப் பார்த்தபடி. மாப்பிள்ளைக்கு வெட்கம் ஜாஸ்தி என்று ஊரெல்லாம் பேச்சாகிவிட்டது. கல்யாணத்தின்போது மாமனார் சீர் வரிசையோடு அந்தக் கோலையும் கழுவிக் கொடுத்தார். நான் கேட்டுத்தான் கொடுத்தார். பீரோ கேட்பவர்கள் உண்டு, சைக்கிள் கேட்பவர்கள் உண்டு. துணி காயப்போடுகிற கோலைக் கேட்ட மாப்பிள்ளையை அவர் அதற்கு முன் கண்டதில்லை.

"டச்சுக்காரன் கோலு மாப்ள. கோட்டையிலேர்ந்து வந்ததுன்னு சொல்லுவாங்க. பத்தரம்" என்றார்.

டச்சுக்காரன் ஆடினானா?

பழவேற்காடு ஒரு காலத்தில் டச்சுக்காரன் கோட்டை கட்டியிருந்த ஊர். அங்கே கொஞ்சம் பழசாக எதைப் பார்த்தாலும் டச்சுக்காரனுடையது என்று சொல்லிவிடுவது வழக்கம். உடைந்த செங்கல், பித்தளைத் தாழ்ப்பாள், சாமான் வைக்கிற பெட்டி எல்லாம் அவன் விட்டுவிட்டுப் போனவைதான். இத்தனையையும் வைத்துவிட்டு அவன் கப்பலில் எதைத்தான் ஏற்றிக்கொண்டு போனான் என்று எனக்குத் தெரியவில்லை.

ஆனால் கோல் விஷயத்தில் நானும் நம்பினேன். நம்பாமல் இருந்தால் எனக்குத்தானே நஷ்டம்? ஒரு ஞாயிற்றுக்கிழமை டச்சுக் கல்லறைத் தோட்டத்துக்கே போய் ஆதாரம் தேடினேன். வாசலில் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடு நின்று வரவேற்றது. உள்ளே ஒவ்வொரு கல்லாகக் குனிந்து பார்த்தேன். பூவேலை இருந்தது, கேடயம் இருந்தது, படிக்க முடியாத எழுத்து நிறைய இருந்தது. பில்லியர்ட்ஸ் கோல் செதுக்கிய கல் ஒன்றுகூட இல்லை. காவலாளியைக் கேட்டால், பிள்ளை குட்டி, பட்டம் பதவி என்று எழுதிக்கொண்டார்களே தவிர, ஆடினேன் என்று ஒருத்தனும் எழுதிவைக்கவில்லையாம்.

எங்கள் மன்றத்துக்கு ஒருமுறை வந்த பெரியவர் கோலை வாங்கி உருட்டிப் பார்த்து, நுனியில் இருந்த பித்தளை வளையத்தைத் தடவி, "இது மெஷின்ல கடைஞ்சது தம்பி. டச்சுக்காரன் போய் ரொம்ப நாளைக்கப்புறம் செஞ்சது" என்றார். அவர் ஆட்டத்தில் அவ்வளவு கெட்டிக்காரர் இல்லை என்று எனக்கு அப்போதே பட்டது. மாமனாரிடம் இதைச் சொல்லவேயில்லை.

நாலு சொட்டு

கோலைப் பராமரிப்பது எப்படி என்று என்னைக் கேட்டால் ராத்திரி முழுக்கப் பேசுவேன். பயப்பட வேண்டாம், சுருக்கமாகச் சொல்கிறேன். ஆடி முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் துடைக்க வேண்டும். கை வியர்வையும் நுனியில் தடவுகிற சாக்பீஸ் தூளும் சேர்ந்து பிசுக்காகிவிடும். தண்ணீர் படக் கூடாது. வெயில் ஆகாது. மாதத்துக்கு ஒரு தடவை ஆளிவிதை எண்ணெய் நாலு சொட்டு, நாலே சொட்டு, துணியில் விட்டுச் சூடு ஏறும்வரை தேய்த்து, மிச்சத்தைத் துடைத்து எடுத்துவிட வேண்டும். நுனியில் ஒட்டுகிற தோல் வில்லைதான் உயிர். அதை உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து நாணயத்தின் விளிம்பு மாதிரி லேசாக உருட்டிக்கொண்டுவர எனக்கு ஐந்து மாதம் பிடித்தது.

முக்கியமான விதி, சுவரில் சாய்க்கவே கூடாது. சாய்த்தால் வளையும். படுக்கப் போட வேண்டும். எங்கள் தரையில் செல் அரிக்கும். மிச்சம் இருந்த ஒரே சமமான இடம் கட்டில்.

அது ஒரு ஆளுக்கும் கொஞ்சம் மேலே கொள்ளுகிற கட்டில். மல்லிகாவும் நானும் ஒட்டிப் படுத்தால் போதும். கோலும் படுத்தால் ஒருவர் இறங்க வேண்டும். நான் இறங்கு என்று சொல்லவில்லை. அவளாகத்தான் பாயை விரித்துக்கொண்டாள். அவளாக விரித்துக்கொண்டாளே என்று நான் நிம்மதியாகத் தூங்கினேன். எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. அப்போது இல்லை.

அதற்கும் அவள் கோபித்துக்கொள்ளவில்லை. உறை வேறு தைத்துக் கொடுத்தாள். ஒரு நாள் வேலை முடிந்து வருகிறேன், கோலால் பக்கத்து வீட்டு முருங்கை மரத்தில் காய் பறித்துக்கொண்டிருந்தாள். எனக்கு முருங்கைக்காய் சாம்பார் பிடிக்கும் என்பதற்காகத்தான். நான் தெருவே கூடும்படி கத்தினேன். கல்யாணமானதிலிருந்து அப்படி ஒரு சத்தம் என்னிடமிருந்து வந்ததில்லை. அவள் கோலை என் கையில் கொடுத்தாள். சாம்பார் வைத்தாள். மறுநாள் காலை, "நீ அதோடயே குடும்பம் பண்ணு. நான் எங்க நைனா வூட்டுக்குப் போறேன்" என்று ஒரு பையோடு ரயில் நிலையத்துக்குப் போய்விட்டாள்.

மாமனார் மரியாதை

சேற்றுக் காலோடு போய் இறங்கிய என்னை மாமனார் ஒன்றுமே நடக்காத மாதிரி வரவேற்றார். "வாங்க மாப்ள, வாங்க. காலக் கழுவுங்க. கோலும் வந்துச்சா? நல்லதாப் போச்சி."

அன்று அவர் ஏரிக்குப் போகவில்லை. நான் வருகிறேன் என்று சொல்லி அனுப்பியிருந்ததால் வீட்டிலேயே இருந்தார். மல்லிகா வாசலுக்கு வரவில்லை. மடவை மீன் குழம்பும் இறால் வறுவலும் அவள்தான் பரிமாறினாள். முகத்தை மட்டும் பரிமாறவில்லை. மாமனார் கை கழுவப் போன நேரம் பார்த்து மெதுவாக ஆரம்பித்தேன்.

"எப்பக் கெளம்பலாம்?"

"யாரு?"

"நீயும் நானும்தான்."

"கட்டில்ல எடம் இருக்கா?"

"இருக்கு."

"கோலு எங்க படுக்கும்?"

இந்தக் கேள்வி வரும் என்று ஒரு முட்டாளுக்கும் தெரியும். எனக்குத் தெரியவில்லை. "ஒரு ஏற்பாடு பண்றேன்" என்றேன். பொறியியல் பிரிவில் வேலை செய்கிறவனின் பதில்.

"பண்ணிட்டுச் சொல்லு, வரேன்" என்று குழம்புச் சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

போச்சு, வர மாட்டாள் என்று புரிந்துவிட்டது. வயிற்றில் குழம்பும் மனதில் பாரமுமாக அப்படியே பாயில் சாய்ந்தேன். துக்கத்தில் தூக்கம் வராது என்பார்கள். எனக்கு நன்றாக வந்தது.

எழுந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. வெளியே துணிக்கொடியில் என் கோலின் உறை காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை.

கரைக்கு ஓடினேன். கவிழ்த்துப் போட்டிருந்த இரண்டு படகுகளின் மேல் குறுக்காகக் கோலை வைத்து, நல்ல வெயிலில், மாமனார் குந்திக்கொண்டிருந்தார். ஒரு கையில் கண்ணாடிச் சில்லு. பக்கத்தில் ஒரு டப்பா மீன் எண்ணெய். கோல் தலையிலிருந்து கால்வரை எண்ணெயில் மினுங்கிச் சொட்டிக்கொண்டிருந்தது. நாற்றம் நான் நின்ற இடத்திலேயே மூக்கைத் துளைத்தது.

"மல்லிகா!" என்று கத்தினேன்.

அதற்குப் பிறகு எனக்குக் குரலே வரவில்லை. வாய் திறந்தபடி நின்றேன்.

மாமனார் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். "எந்திரிச்சிட்டீங்களா மாப்ள? மரம் தாகமாக் கெடந்துச்சி. மாசத்துக்கு நாலு சொட்டுதான் வுடுவீங்கன்னு மல்லி சொல்லிச்சி. நாலு சொட்டு இன்னாத்துக்கு ஆவும்? படகாவட்டும் கழியாவட்டும், மரம்னா குடிக்கணும் மாப்ள. மேல வழவழன்னு ஏதோ பூச்சு இருந்துச்சி, எண்ணெய உள்ள வுடல. சொரண்டி எடுத்துட்டேன். மூணு கை போட்டாச்சி."

என் கண் கோலின் நுனிக்குப் போனது. தோல் இல்லை.

"அதுவா? நுனில செருப்புத் தோலாட்டம் ஏதோ ஒட்டிக்கினு இருந்துச்சி. தண்ணில அழுகிப்பூடும். பிச்சிப் போட்டுட்டு நைலான் நூலு சுத்தி முடிச்சி போட்டுக்கிறேன். இனிமே எவ்ளோ சேத்துல ஊனுனாலும் பொளக்காது."

ஐந்து மாதம் தேய்த்த தோல். தேடினேன். ஒரு காக்கை அதைக் கொத்திப் பார்த்துப் பிடிக்காமல் விட்டுவிட்டுப் போனது.

அவர் கையைப் பார்த்தேன். கண்ணாடிச் சில்லு கிழித்த இடத்தில் துணி சுற்றியிருந்தார். மதியச் சாப்பாட்டிலிருந்து அந்த வெயிலில் உட்கார்ந்திருக்கிறார். எங்கள் பக்கத்தில் ஒருத்தர் சொந்தப் படகுக்குச் செய்கிற மரியாதை அது. கோபித்துக்கொண்டு வந்த மகளை அழைக்க வந்த மாப்பிள்ளைக்கு, வாயால் சமாதானம் பேசத் தெரியாத மனுஷன் வேறு எப்படிச் செய்வார்? அழுகை வந்தது. அவருக்காகவா, தோலுக்காகவா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மல்லிகா என் பின்னால் வந்து நின்றிருந்தாள். என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை தப்பாகச் சொன்னால் படகில் நான் தனியாகத்தான் திரும்ப வேண்டியிருக்கும். அது மட்டும் புரிந்தது.

"நல்லா... ஊறியிருக்கு மாமா" என்றேன். காற்றுதான் வந்தது, குரல் இல்லை.

மல்லிகா வீட்டுக்குள் போனாள். வரும்போது கையில் பை இருந்தது.

பிறகு

மன்றத்தில் அந்தக் கோலை நான் கொண்டுபோய் வைத்த நாளிலிருந்து மூன்று பூனைகள் உறுப்பினர் ஆயின. மரத்தூளில் புதைத்துப் பார்த்தேன், முல்தானி மண் பூசிப் பார்த்தேன். புதுத் தோல் ஒட்டினேன், பிசின் பிடிக்கவில்லை. வருடாந்திரப் போட்டியில் மன்றத்து வளைந்த கோலால் ஆடி முதல் சுற்றிலேயே தோற்றேன். எங்கேயோ போய்விடுவேன் என்று நம்பினேன் அல்லவா, வீட்டுக்குப் போனேன். கட்டிலில் மல்லிகா இருந்தாள்.

இதில் ஒரு விஷயத்தை இத்தனை வருடமாக யாரிடமும் சொல்லவில்லை. அன்று நான் வாயை மூடிக்கொண்டு நின்றதைப் பார்த்துத்தான் மல்லிகா என்னோடு வந்தாள் என்பது குடும்பத்தில் எல்லாருக்கும் தெரிந்த கதை. "கோலையே பாழ் பண்ணாலும் எங்க நைனாவ ஒரு வார்த்த சொல்லலியே" என்று உறவுக்காரர்களிடம் அவளே சொல்லியிருக்கிறாள். நானும் தலையைக் குனிந்துகொண்டு அந்தப் பெருமையை வாங்கிக்கொண்டிருக்கிறேன். நிஜம் அப்படியில்லை. மல்லிகா என்று நான் கத்தியது அவளைத் திட்டுவதற்காக. "எல்லாம் உன்னாலதான்டி" என்ற அடுத்த வரி தொண்டைவரை வந்துவிட்டது. அதிர்ச்சியில் அங்கேயே அடைத்துக்கொண்டது. பொறுமையாவது, பெருந்தன்மையாவது! தொண்டை மட்டும் சரியாக இருந்திருந்தால் எனக்கு இன்று குடும்பம் இல்லை.

இந்தப் பத்திரிகைத் தொடரில் பொய் எழுதுவதில்லை என்று ஆசிரியரிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேன். அதனால் இதையும் எழுதி, அச்சில் பார்த்து அவள் அதிர்ச்சியடைய வேண்டாம் என்று, அனுப்புவதற்கு முன் அவளிடமே கொடுத்தேன். அடுப்படியில் உட்கார்ந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தாள்.

"இன்னாயா, உன் தொண்ட அடச்சிக்கினது எனக்குத் தெரியாதுன்னா நெனச்சிக்கினு இருந்தே?" என்றாள். "மூஞ்சி செவந்து நரம்பு பொடச்சிக்கினு நின்னியே, அதுவா பொறுமை?"

"அப்புறம் ஏன் வந்தே?"

"வயிறு எரிஞ்சா மனுசன் ஐயோன்னுவான், அம்மான்னுவான். நீ எம் பேரச் சொல்லிக் கத்துனே."

"திட்டத்தான் கூப்ட்டேன் மல்லி. அதத்தான எழுதியிருக்கேன்."

"திட்டத்தான் கூப்ட்டே. அதுக்கும் நான்தான வேண்டியிருந்துச்சி உனக்கு? அது போதும்னு பைய எடுத்துக்கினேன்."

தாள்களை மடித்து என் கையில் கொடுத்தாள். "அனுப்பு. எங்க நைனா பேரு மட்டும் வராமப் பாத்துக்கோ" என்றாள்.